நாள்வழியும் பேரேடும்: டேட்டாபேஸ் வாங்கப் போகிறவருக்கு

ஈரோட்டுப் பக்கம் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பல வருடத்து பில்கள் எல்லாம் ஒரே சர்வரில் கிடக்கின்றன. மாதக் கடைசியில் எந்த மாவட்டத்துக்கு எந்த ரகம் எவ்வளவு போனது என்று அறிக்கை எடுக்க உட்கார்ந்தால், கவுன்ட்டரில் பில் போடுவது திணறிப்போகிறதாம். மென்பொருள் விற்கிறவர்கள் வருகிறார்கள், ஆளுக்கொன்றைச் சொல்கிறார்கள். எதை வாங்குவது என்று கேட்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று இயந்திரத்தைப் பற்றியது, இன்னொன்று அதை விற்கிறவரைப் பற்றியது. எனக்குத் தீராத ஆசை இயந்திரத்தின் மேல்தான், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அப்பா விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதியவர். அவர் மேசையில் எப்போதும் இரண்டு புத்தகங்கள் இருக்கும். மூட்டை வந்தது, லாரி வாடகை கொடுத்தது, சாத்தூர்க்காரர் பணம் கட்டியது என்று நடந்தது நடந்த வரிசையில் நாள்வழியில் விழும். பேரேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம், சரக்குக்கு ஒரு பக்கம். சாத்தூர்க்காரர் பாக்கி எவ்வளவு என்று முதலாளி கேட்டால் அப்பா நாள்வழியைத் தொடவே மாட்டார், பேரேட்டில் அந்தப் பக்கத்தைப் புரட்டுவார். கடை சாத்தும் முன் அன்றைய நாள்வழியைப் பேரேட்டில் ஏற்றிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற நாம் அன்றாடம் புழங்கும் டேட்டாபேஸ்கள் நாள்வழி எழுதுகிறவை. ஒரு பில்லின் எல்லா விவரமும் ஒரே வரியாக, ஒட்டினாற்போல் வட்டில் உட்கார்ந்திருக்கும். பில் போடவும் திருத்தவும் இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. இன்னொரு வகை, அட்டவணையைச் செங்குத்தாக அறுத்து வைக்கிறது: தேதிகள் எல்லாம் ஓரிடத்தில், மாவட்டங்கள் எல்லாம் ஓரிடத்தில், தொகைகள் எல்லாம் ஓரிடத்தில். பத்திவாரி டேட்டாபேஸ் என்று சொல்லலாம்.

இந்த அறுவையால் என்ன லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கோடி பில் வரிகள், வரிக்கு 60 விவரங்கள், விவரத்துக்கு 8 பைட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 480 கோடி பைட். தேதி, மாவட்டம், தொகை மூன்றை மட்டும் கேட்கும் அறிக்கைக்கும் வரிவாரி டேட்டாபேஸ் முழுவதையும் புரட்டியாக வேண்டும். பத்திவாரியில் அந்த மூன்று பத்திகளை மட்டும் படித்தால் போதும், 24 கோடி பைட். வேலை இருபதில் ஒரு பங்கு ஆகிவிட்டது.

அதோடு நிற்பதில்லை. ஒரே மாதிரியான விவரங்கள் பக்கம்பக்கமாக இருப்பதால் அவற்றை அமுக்கிச் சுருக்கலாம். ‘திருவள்ளூர்’ என்று யூனிகோடில் எழுதினால் உயிர்க்குறிகளும் புள்ளியும் உட்பட 11 குறியீடுகள், குறியீட்டுக்கு 3 பைட், ஆக 33 பைட். தமிழ்நாட்டில் இருப்பது 38 மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, எண்ணையும் பெயரையும் ஒருமுறை மட்டும் குறித்துவைத்தால், 33 பைட் இருந்த இடத்தில் 1 பைட் போதும். தேதிப் பத்தியை வரிசைப்படுத்திவிட்டால் அது இன்னும் சுருங்கும். ‘இந்தத் தேதி, 9,000 முறை’ என்று ஒரே குறிப்பு ஒரு நாளுக்குப் போதும். மூன்று வருடத் தேதிகள், ஒரு கோடி வரிகளுக்குரியவை, ஆயிரத்துச் சொச்சம் குறிப்புகளில் அடங்கிவிடுகின்றன!

நெதர்லாந்தின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு மையத்தில் பிறந்து 2019-இல் வெளிவந்த டக்டிபி என்ற மென்பொருள் இன்னும் ஒரு படி போகிறது. 1,22,880 வரிகளை ஒரு கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் மிகச் சிறிய மதிப்பு எது, மிகப் பெரியது எது என்று முகப்பில் குறித்துக்கொள்கிறது. நமது ஒரு கோடி வரிகள் 82 கட்டுகள். தீபாவளி மாதக் கணக்கு மட்டும் கேட்டால், தேதி வரிசையில் இருக்கும் பட்சத்தில், மூன்று நான்கு கட்டுகளைப் பிரித்தால் போதும். மற்றவற்றை முகப்பைப் பார்த்தே ஒதுக்கிவிடும்.

இதற்கு விலையும் உண்டு. ஒரே ஒரு பில்லைச் சேர்க்க 60 இடங்களில் எழுத வேண்டும். 2005-இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழுவினர் சி-ஸ்டோர் என்ற பத்திவாரி அமைப்பை முன்வைத்தபோது இதற்குச் சொன்ன வழியை நான் முதன்முதலில் படித்த அன்று அப்பாவைத்தான் நினைத்தேன். புதிதாக வருவதெல்லாம் முதலில் சிறியதொரு எழுதுமிடத்தில் விழுகிறது. அங்கிருந்து அவ்வப்போது மொத்தமாக எடுத்துப் பெரிய சேமிப்பில் ஏற்றுவதற்கென்று பின்னணியில் தனி நிரல் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

சி-ஸ்டோரிலிருந்து வெர்டிகா என்ற நிறுவனம் கிளைத்தது. இனி விற்கிறவர் கதைக்கு வருவோம். வெர்டிகாவை 2011-இல் எச்.பி. வாங்கியது. 2017-இல் அது மைக்ரோ ஃபோகஸ் கைக்குப் போனது, 2023-இல் ஓப்பன்டெக்ஸ்ட் கைக்கு. இன்ஃபார்மிக்ஸ் 2001-இல் ஐ.பி.எம்.முக்குப் போனது, சைபேஸ் 2010-இல் எஸ்.ஏ.பி.க்கு. மைஎஸ்க்யூஎல்லை 2008-இல் சன் நிறுவனம் 100 கோடி டாலருக்கு வாங்கியது, 2010-இல் சன்னையே ஆரக்கிள் வாங்கிவிட்டது. கைமாறவே மாறாவிட்டாலும் நிபந்தனை மாறலாம். திறந்த உரிமத்தில் வளர்ந்த மாங்கோடிபி 2018-இலும், எலாஸ்டிக்சர்ச் 2021-இலும், ரெடிஸ் 2024-இலும் உரிமத்தை இறுக்கின. பின்னிரண்டும் பிறகு ஓரளவு தளர்த்திக்கொண்டன.

இத்தனை மாற்றத்திலும் வாடிக்கையாளரின் பில்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. மென்பொருள் போகும், கம்பெனி போகும், கணக்கு அடுத்த தலைமுறைக்கும் வேண்டும். ஆனால் வாங்கும்போது ‘உள்ளே என்னென்ன வசதி’ என்று நூறு கேள்வி கேட்கிறவர்கள், ‘வெளியே போக என்ன வழி’ என்று ஒரு கேள்வி கேட்பதில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தினம் கணக்கோடு மல்லுக்கட்டுகிற ஊழியரை அறைக்கு வெளியே உட்காரவைத்துவிட்டு, ஓட்டல் ஹாலில் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் கோடிக்கணக்கான ரூபாய் முடிவுகளை எடுக்கிறார்கள். வண்ண வண்ண டாஷ்போர்டு வந்து இறங்குகிறது. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், அதே ஊழியர் எக்செல்லில் கூட்டிக்கொண்டிருப்பார்.

விலையையும் முழுக்க விசாரிக்க வேண்டும். ஆரக்கிளின் உயர்ரகப் பதிப்பு, விலைப்பட்டியலில் ஒரு பிராசசர் உரிமத்துக்கு 47,500 டாலர், சாதாரண இன்டெல் சில்லில் இரண்டு கோர் சேர்ந்தது ஓர் உரிமம். அதற்கு மேல் ஆண்டுதோறும் 22 சதவீதம் பராமரிப்புக் கட்டணம். பேரம் பேசிக் குறைக்கலாம்தான். ஆனால் ஐந்தே வருடத்தில் பராமரிப்புக்குக் கட்டியது வாங்கிய விலையைத் தாண்டிவிடும். விடாமல் ஓடும் வங்கி, ரயில் முன்பதிவு போன்ற பெருவேலைகளுக்கு அந்தப் பணம் தகும். ஜவுளிக் கடைக்குத் தகுமா என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

நம் வாசகருக்கு என் யோசனை இது. பில் போடும் டேட்டாபேஸை மாற்ற வேண்டாம், அறிக்கையை மட்டும் அதிலிருந்து பிரித்துவிடுங்கள். ராத்திரி கடை சாத்தியதும் அன்றைய பில்களை பார்க்கே என்ற திறந்த கோப்பு வடிவத்தில் எடுத்து வேறொரு கணினியில் வைக்கச் சொல்லுங்கள். பத்திவாரியாகவே சேமிக்கும் அந்த வடிவத்தை இன்று சந்தையில் உள்ள அநேகமாக எல்லா ஆய்வு மென்பொருளும் படிக்கும். டக்டிபி இலவசம், சர்வர் வேண்டாம், சுமாரான மடிக்கணினியே ஒரு கோடி வரியைத் தாங்கும். அதற்கும் மேல் தேவைப்பட்டு விற்பனையாளரைக் கூப்பிட்டால், அவர் கொண்டுவரும் மாதிரித் தரவைத் தொடவிடாதீர்கள். உங்கள் பில்களைக் கொடுங்கள், உங்கள் மாதக்கடைசிக் கேள்வியைக் கேளுங்கள். பதில் வந்ததும், ஏற்றிய தரவு அத்தனையையும் உங்கள் எதிரிலேயே திரும்ப பார்க்கே கோப்பாக எடுத்துத் தரச் சொல்லி, வரிகளை எண்ணிப் பாருங்கள். அப்போது உங்கள் கணக்கு எழுதும் ஊழியரும் பக்கத்தில் இருக்கட்டும்.