மாங்கிளையில் ஒரு வாண்டா

மாந்தோப்பில் கவாத்து செய்ய ஏறுகிறவர், கிளையில் தொற்றியிருக்கும் எந்தச் செடியைக் கண்டாலும் அரிவாளை ஓங்குகிறார். 'புல்லுருவி, விட்டா மரத்தையே தின்னுடும்' என்பது அவர் பயம். புல்லுருவி விஷயத்தில் அந்தப் பயம் நியாயமானதுதான். அது கிளைக்குள் துளைத்துச் சாற்றை உறிஞ்சும். ஒட்டிய இடம் முண்டு முண்டாகப் புடைத்திருக்கும். ஆனால் அதே வெட்டில் வாண்டா டெசலேட்டாவும் போய்விடுகிறது. இது நம் சமவெளியில் இயல்பாக வளரும் ஆர்க்கிட். அதன் வேரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பட்டையின் மேலேயே சாம்பல் வெள்ளையாக ஓடும், பட்டைக்குள் இறங்காது. மரம் அதற்குத் தருவது உட்கார ஓர் இடம் மட்டுமே.

ஆர்க்கிட் என்றதும் ஊட்டியும் தாய்லாந்தும் நினைவுக்கு வரும் நமக்கு, இதன் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். ஆந்திரக் கரையில் சாமல்கோட்டையில் பல ஆண்டுகள் இருந்து செடிகளை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பரோ, சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூலின் முதல் தொகுதியில், 1795-இல், இதைப் படத்துடன் வெளியிட்டார். 1820-இல் ராபர்ட் பிரவுன் வாண்டா என்ற பேரினத்தை நிறுவியபோது அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டதும் இந்தச் செடியைத்தான். இன்று உலகச் சந்தையில் விலைபோகும் அத்தனை வாண்டாக்களும் தாங்கி நிற்கும் பெயர், இந்த வெயிலில் வளர்ந்த செடியை வைத்து வகுக்கப்பட்டது. இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் இது உண்டு.

பூ பெரிதல்ல, ஒரு காம்பில் ஐந்து முதல் பத்து வரை இருக்கும். மஞ்சளும் பச்சையும் கலந்த இதழ்களில் பழுப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக ஓடும். நடுவிலுள்ள உதட்டிதழ் நீலமும் ஊதாவுமாக இருக்கும். நல்ல மணமும் உண்டு. பரிசுக் கடைகளில் விற்கும் ஃபெலனாப்சிஸ் பார்வைக்குப் பகட்டானது. சென்னையிலோ மதுரையிலோ கத்திரி வெயில் தொடங்கினால் அது துவண்டுவிடும். நம் ஊர் மொட்டைமாடியில் முதல் ஆர்க்கிட்டாக இடம் பிடிக்க வேண்டியது இந்த வாண்டாதான் என்பது என் உறுதியான எண்ணம்.

வளர்க்க நினைப்பவர் முதலில் வேரைப் படிக்க வேண்டும். வேரைச் சுற்றி வெலாமன் என்ற உறை இருக்கிறது. உயிரற்ற, வெற்றுச் செல்களால் ஆனது. மழை பட்டதும் பஞ்சுபோல் நீரை இழுத்துக்கொள்ளும். காய்ந்திருக்கும்போது அதில் காற்று நிறைந்திருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. நனைந்ததும் உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. தண்ணீர் ஊற்றும்போது வேரையே பார்த்துக்கொண்டிருங்கள். வெள்ளை முழுவதும் பச்சையாக மாறிவிட்டால் போதும், குவளையைக் கீழே வைத்துவிடலாம். மறுபடி வெள்ளையாகும்வரை வேருக்கு வேண்டியது காற்று. இந்தச் செடிகள் பெரும்பாலும் சாவது தாகத்தால் அல்ல, ஈரம் காயாமல் வேர் அழுகுவதால். செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்பிய தொட்டியில் நட்டால் சில வாரங்களிலேயே வேர் கொழகொழத்துவிடும்.

அதனால் இதற்கு மண்ணே வேண்டாம். மரச்சட்டக் கூடையில் மரக்கரித் துண்டும் உடைந்த ஓடும் போட்டு நிறுத்தினால் போதும். அதைவிட நல்லது, சொரசொரப்பான பட்டையுள்ள மாங்கிளையில் சணல் கயிற்றால் கட்டிவிடுவது. கயிறு மக்கி உதிரும் காலத்துக்குள் புது வேர்கள் பட்டையைப் பிடித்திருக்கும். தேங்காய் மட்டையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். கோடையில் அது உதவும்; ஐப்பசி அடைமழையில் நாள்கணக்காக ஈரத்தைப் பிடித்து வைத்துக் கெடுத்துவிடும். காலை வெயில் நன்றாகப் படவேண்டும், உச்சி வெயிலுக்கு இலைநிழல் வேண்டும். இலை கரும்பச்சையாகித் தொங்கினால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள்.

கோடையில் தினமும் காலையில் தண்ணீர். அனல் காற்று வீசினால் மாலையில் வேருக்கு மட்டும் இன்னொரு முறை. குருத்தில் தேங்கும் நீர் இரவுவரை நிற்கக் கூடாது. ஒரே தண்டு, ஒரே நுனி. குருத்து அழுகினால் உயரும் வளர்ச்சி அதோடு முடிந்தது. அடியிலிருந்து பக்கக்கன்று வரலாம், அதற்குப் பொறுமை வேண்டும். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகமென்றால் வேரில் வெள்ளைப் பொடி படியும். மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுவது நல்லது. நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மிகாமல், வேர் நனைந்த பிறகு, வாரம் ஒருமுறை தெளிக்கலாம்.

காட்டிலிருந்து பறித்து வராதீர்கள். இதன் விதை வெறும் தூசு; உள்ளே உணவுச் சேமிப்பே கிடையாது. முளைக்க வேண்டுமென்றால் அது விழும் பட்டையில் அதற்கேற்ற பூஞ்சை இருந்தாக வேண்டும். ஒரு காயில் எண்ணற்ற விதைகள் இருந்தாலும் அவற்றில் மிகச் சிலவே செடியாகின்றன, பூக்கவும் சில ஆண்டுகள் பிடிக்கும். ராஸ்னா என்ற பெயரில் மருந்துக்காக வேரோடு பறிப்பதும் நடக்கிறது. அப்படிப் போன செடியின் இடம் எளிதில் நிரம்புவதில்லை. 1922-இல் லூயிஸ் நட்சன் பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த ஊடகத்தில் ஆர்க்கிட் விதைகளை முளைக்க வைத்துக் காட்டினார். ஆய்வுக்கூடக் கன்றுகள் அந்த வழியில் வந்தவை. நர்சரியில் 'இது லேப் கன்றா?' என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், வேரில் மரப்பட்டைத் துணுக்குகள் ஒட்டியிருந்தால், வாங்காதீர்கள்.

சாலை விரிவாக்கத்துக்காக வெட்டிச் சாய்க்கப்பட்ட மரத்தில் வாண்டா இருந்தால் கதை வேறு. அனுமதி கேட்டு எடுத்து வரலாம், எடுக்காவிட்டால் அது விறகோடு எரியும். வேரைப் பிய்க்காமல் பட்டையோடு சேர்த்துச் செதுக்கி எடுங்கள். அதே பட்டையோடு வேறு கிளையில் கட்டி, முன்பிருந்த அளவு வெளிச்சம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அடியிலைகள் ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிரும். பயப்பட வேண்டாம். வேர் முனையில் பளபளப்பான பச்சை நுனி புதிதாகத் தெரியும்வரை உரம் கொடுக்க வேண்டாம்.