சர்வர் ஏன் சுத்திக்கிட்டே இருக்கு?

2021 ஏப்ரல் 28, சாயங்காலம் 4 மணி ஞாபகம் இருக்கா? 18 வயசு தாண்டுனவங்களுக்கு கோவின் தளத்துல தடுப்பூசிப் பதிவு திறந்த நேரம். பலருக்குத் தளம் ஓப்பனே ஆகல. உள்ள என்ன நடக்கும்னு ஒரு குட்டி சர்வரை வெச்சுப் பார்ப்போம்.

பைத்தான்ல வர்ற சாதாரண ஹெச்டிடிபி சர்வர் ஒரு லூப்தான்: கோரிக்கையை வாங்கு, படி, பதில் அனுப்பு, அடுத்த ஆளைக் கூப்பிடு. ஒருத்தருக்கு டேட்டாபேஸ் 3 செகண்ட் எடுத்தா, பின்னாடி நிக்கிற அத்தனை பேருக்கும் அந்த 3 செகண்ட் சேரும். அந்த வரிசையை வெச்சிருக்கிறது நம்ம புரோகிராம் இல்ல, ஆப்பரேட்டிங் சிஸ்டம். பைத்தான் அதுக்குக் கேட்டு வாங்குற அளவு வெறும் 5! நம்ம வண்டியூர் கண்மாய் நிறைஞ்சா தண்ணி கலுங்கு தாண்டிப் போயிடுற மாதிரி, வரிசை நிறைஞ்சா அதுக்கு மேல வர்ற இணைப்புக்கு உள்ள இடம் கிடையாது.

2018-ல வந்த பைத்தான் 3.7, ஆளுக்கொரு த்ரெட் குடுக்கிற சர்வரையும் சேர்த்துச்சு. ஆனா டேட்டாபேஸ் திணறுனா, கூட்டம் அங்க போய் நிக்கும், அவ்வளவுதான்.

பெரிய கொடுமை ரீஃப்ரெஷ். நீங்க கிளம்பினாலும் பழைய கோரிக்கை பெரும்பாலும் உள்ளேயேதான் கிடக்கும். வாங்க ஆளில்லாத பதிலை சர்வர் மெனக்கெட்டுத் தயார் பண்ணும். உங்க புதுக் கோரிக்கை கடைசியில போய் நிக்கும். அதனால டைம்அவுட் வைங்க. வரிசை நீண்டா 503 அனுப்பிடுங்க. எத்தனை செகண்ட் கழிச்சு வரணும்னு சொல்ல ‘ரீட்ரை-ஆஃப்டர்’னு ஹெடரே இருக்கு.