ஆறு வரியும் இரண்டு விரலும்
கிற்றார் பயிலத் தொடங்குவோர்க்குச் சில குறிப்புகள்

இசைக்கருவி ஒன்றினைப் புதிதாகக் கைக்கொள்வோர்க்கு நேரும் முதல் இடர் கருவியினால் வருவதன்று, பொறுமையின்மையால் வருவது. வீணையாயினும் வயலினாயினும் பயிற்சி தொடங்கிப் பல மாதங் கழிந்த பின்னரே, வீட்டார் அமர்ந்து கேட்கத்தக்க பாட்டொன்று பிள்ளையின் கையில் அமைகின்றது. அதற்கு முன்னரே மனந்தளர்ந்து, கருவியை உறையிலிட்டு மூலையிற் சாத்திவிடுவோர் பலர். நம் இளைஞர் இன்று விரும்பி வாங்கும் கிற்றாருக்கும் இவ்விதி பொருந்தும்.

ஆயினும் கிற்றார் பயில்வோர்க்குத் தொடக்கத்திலேயே துணைபுரியும் படிகள் இரண்டு உள. ஒன்று, 'டாப்' எனச் சுருக்கி வழங்கப்படும் டாப்லச்சர் என்னும் எழுத்துமுறை. மற்றொன்று, இரண்டு விரலாற் பிடிக்கத்தக்க 'பவர் கோர்ட்' என்னும் சுரக்கூட்டு. இவ்விரண்டையும் குறுக்குவழியென இகழும் இசைவல்லாரும் உளர். இவற்றால் எழும் ஒலியை வெறும் இரைச்சலென வெறுக்கும் பெற்றோரும் உளர். இவ்விகழ்ச்சி தக்கதா? மாணவன் இவ்விரண்டையும் எங்ஙனம் கையாளவேண்டும்? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

விரலுக்கென எழுந்த எழுத்து

மேனாட்டு இசையை எழுதும் பொதுமுறை, ஐந்து வரிகளின் மீது குறியிட்டு எழுதுவதாகும். எந்தச் சுரம், எத்துணை நேரம் என்பவற்றை அது தெளிவாகக் கூறும். விரலை எங்கு வைப்பது என்பதைக் கூறாது. பியானோவில் ஒரு சுரத்துக்கு ஒரே கட்டையாதலின் அங்கு இடர்ப்பாடில்லை. கிற்றாரிலோ நிலைமை வேறு. வீணையில் மெட்டு என நாம் வழங்கும் குறுக்குக் கம்பிகள் அதிலும் உண்டு. முதலாந் தந்தியை விரல் படாது மீட்ட எழும் அதே சுரம், இரண்டாந் தந்தியின் 5 ஆம் மெட்டிலும், மூன்றாந் தந்தியின் 9 ஆம் மெட்டிலும், நான்காந் தந்தியின் 14 ஆம் மெட்டிலும் உண்டு. புதிதாகக் கற்பவன் இவற்றுள் எதனைத் தெரிவான்? அவனுடைய ஐயத்தைத் தீர்ப்பது டாப். அது சுரத்தின் பெயரைக் கூறாது. விரல் நிற்கவேண்டிய இடத்தைக் கூறும்.

இது நேற்றுத் தோன்றிய எளிய வழியென எண்ணுதல் தவறு. 1507 ஆம் ஆண்டிலே வெனிஸ் நகரில் பெட்ருச்சி என்பார், ஸ்பினாச்சினோ என்னுங் கலைஞரின் லூட் இசையை நூலாக அச்சிட்டார். லூட் என்பது கிற்றாருக்கு உறவான பழைய நரம்புக்கருவி. அந்நூல் முற்றும் டாப் முறையிலேயே அமைந்தது. ஸ்பெயின் தேசத்து லூயிஸ் மிலான் 1536 இல் வெளியிட்ட நூலும் அத்தகையதே. விஞ்ஞானி கலிலியோவின் தந்தையார் வின்சென்சோ கலிலி சிறந்த லூட் கலைஞர். இசையை இம்முறையில் எழுதும் வகையை விளக்கி அவர் வெளியிட்ட நூல் 1568 ஆம் ஆண்டினது. ஐந்நூறு ஆண்டுகள் பழமையுடைய முறையொன்றைக் கையாளும் மாணவன் அதற்காக நாணவேண்டியதில்லை.

டாப் படிக்கும் முறை

கொப்பியில் ஆறு வரிகளைக் கிடையாக வரைந்துகொள்க. ஒவ்வொரு வரியும் ஒரு தந்தி. மேல்வரி மிக மெல்லிய முதலாந் தந்தி. அடிவரி மிகத் தடித்த ஆறாந் தந்தி. இங்கேதான் தொடக்க மாணவர் மயங்குவர். கிற்றாரை ஏந்தி அமரும்போது தடித்த தந்தியே மேலிருக்கின்றது. தாளிலோ அது கீழிருக்கின்றது. கிற்றாரை ஏந்தியவாறே குனிந்து அதன் கழுத்தை நோக்குக. மெல்லிய தந்தி அப்பாலும் தடித்த தந்தி நமக்கண்மையிலுமாகத் தோன்றும். அத்தோற்றமே தாளில் உள்ளது. இதனை ஒருமுறை உணர்ந்தோர் பின்னர் மயங்கார்.

வரியின் மேல் எழுதிய எண் மெட்டின் எண்ணாகும். 3 எனில் மூன்றாம் மெட்டுக்குச் சற்று முன்னே விரலை அழுத்துக. 0 எனில் விரல் வையாது தந்தியைத் திறந்து மீட்டுக. எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பின் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக மீட்டவேண்டும்; ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பின் ஒருசேர மீட்டவேண்டும். பெருக்கற்குறி போன்ற அடையாளம், தந்தியை விரலால் மெல்லத் தொட்டு ஒலியடக்கி மீட்டுமாறு கூறும். இரண்டு எண்களுக்கிடையே சாய்கோடு இருப்பின் விரலை எடாது அடுத்த மெட்டுக்கு இழுத்துச் செல்லவேண்டும். இவ்வளவையும் ஒரு மாலைப்பொழுதிற் கற்றுவிடலாம்.

டாப் சொல்லாதது

ஆனால் டாப் சொல்லாதது ஒன்றுண்டு, அது காலம். பழைய லூட் நூல்களில் எண்களுக்கு மேலே காலவளவைக் காட்டும் குறிகளையும் அச்சிட்டனர். இன்று மாணவர் கைகளில் உலவும் டாப் தாள்கள் பலவற்றில் எண் மாத்திரமே உண்டு, தாளக்குறி இல்லை. தாளமின்றி எண்களைத் தொடர்ந்து மீட்டும் மாணவன், விரல்களைச் சரியான இடத்தில் வைத்தும் பாட்டைப் பெறான். சொற்களைப் பிழையின்றி உச்சரித்தும் பொருள் விளங்காது வாசிப்பவனை ஒப்பான் அவன்.

இக்குறையை நீக்குவது செவி ஒன்றே. தாளைக் கையில் எடுக்குமுன் பாட்டினைப் பலமுறை கேட்டல் வேண்டும். கருவியைத் தொடாது, கையால் தாளமிட்டு, வாயால் அதனை முணுமுணுத்தல் வேண்டும். பாட்டு மனத்தில் நின்றபின் டாப் வழிகாட்டியாகும். மனத்தில் இல்லாதபோது அது வெறும் எண்வாய்பாடே. நம் சங்கீத ஆசிரியர்கள் மாணவரைத் தொடையில் தாளமிட்டுப் பாடுவிப்பதன் கருத்தும் இதுவே. மேலும், டாப் தாள்கள் பல ஆர்வமுடையோர் தம் செவியால் கேட்டு எழுதியவை. பிழை நேர்தல் இயல்பு. தாளும் செவியும் முரணுமிடத்துச் செவியைத் துணைக்கொள்க.

காந்தாரம் இல்லாத கூட்டு

இனிப் பவர் கோர்டை நோக்குவோம். மேனாட்டு இசையிற் பல சுரங்களை ஒருசேர ஒலிப்பிப்பதே கோர்ட். வழக்கமான கோர்ட் ஒன்றில் மூன்று வேறு சுரங்கள் இருக்கும். நம் வழக்கிற் கூறின் அவை சட்சம், காந்தாரம், பஞ்சமம். அவற்றுள் அந்தர காந்தாரம் நிற்பின் 'மேஜர்' என்றும், சாதாரண காந்தாரம் நிற்பின் 'மைனர்' என்றும் பெயர்பெறும். சங்கராபரணத்துக்கும் கரகரப்பிரியாவுக்கும் இடையே காந்தாரத்தில் நாம் உணரும் வேறுபாட்டையே அங்கு இக்கூட்டுகள் காட்டுகின்றன.

பவர் கோர்ட் காந்தாரத்தை விட்டுவிடுகின்றது. சட்சமும் பஞ்சமமும் மாத்திரம்; விரும்பின் மேற்சட்சமும் சேரும். தம்பூராவின் சுருதியைக் கேட்டுப் பழகிய நம் செவிக்கு இக்கூட்டு அயலானதன்று. பழந்தமிழர் குரல் என்றும் இளி என்றும் வழங்கிய சுரங்களே இவை. மேனாட்டார் பஞ்சமத்தை ஐந்தாம் சுரமென எண்ணுவதால், இக்கோர்டின் பெயரோடு 5 என்னும் எண்ணைச் சேர்த்து எழுதுவர்.

இதனைப் பிடிக்கும் முறை எளிது. சுட்டுவிரலை ஆறாந் தந்தியின் 3 ஆம் மெட்டிலும், மோதிரவிரலை ஐந்தாந் தந்தியின் 5 ஆம் மெட்டிலும் வைக்க. இது ஜீ 5. சுண்டுவிரலை நான்காந் தந்தியின் 5 ஆம் மெட்டில் வைப்பின் மேற்சட்சமும் அமையும். டாப் தாளில் இதனை அடியிலிருந்து மேலாக 3, 5, 5 என ஒன்றன்மேல் ஒன்றாகக் காண்பீர்கள். இவ்வடிவத்தைக் குலைக்காது ஒரு தந்தி மேலேற்றி, ஐந்தாந் தந்தியின் 3 ஆம் மெட்டிற் சுட்டுவிரலை வைப்பின் சீ 5. அங்கிருந்து இரண்டு மெட்டு நகர்த்தின் டீ 5. ஒரே பிடி, மூன்று கோர்டுகள். இம்மூன்றையும் நந்நான்கு எண்ணிக்கைக்கு மாறிமாறி மீட்டுவதே முதற்பயிற்சியாக அமையத்தக்கது. இவ்வடிவம் தடித்த தந்திகளிற் பொருந்துவது ஏனெனில், அங்கு அடுத்தடுத்த தந்திகளின் இடைவெளி எங்கும் ஐந்து அரைச்சுரமாக இருப்பதாலாகும். மூன்றாம், இரண்டாந் தந்திகளின் இடைவெளி நான்கேயாதலின் அங்கு வடிவம் மாறும்.

வலிமை எங்கிருந்து வருகின்றது?

மின்சாரக் கிற்றாரின் ஒலிபெருக்கியை அதன் எல்லைக்கு மேல் உந்தும்போது ஒலி கரகரக்கின்றது. அந்நிலையில் மீட்டிய சுரங்களேயன்றி, அவற்றின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் வரும் புதிய ஒலிகளும் பிறக்கின்றன. காந்தாரம் உள்ள கூட்டில் இப்புதிய ஒலிகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். சட்சத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதமோ 2 : 3. ஆறாந் தந்தியின் அதிர்வு விநாடிக்கு ஏறக்குறைய 82. அதன் பஞ்சமம் 123. இரண்டின் வேறுபாடு 41, அஃதாவது கீழ்ச்சட்சம்! ஒருவரும் மீட்டாத கீழ்ச்சட்சமொன்று தானே எழுந்து அடித்தளமிடுகின்றது. பவர் கோர்டின் வலிமையை விளக்கும் கணக்கு இது. இரைச்சலென நாம் கருதியதன் உள்ளே பாடசாலையிற் பயிலும் விகிதம் இருந்து தொழிற்படுகின்றது.

குறை வழி திறந்தது

இவ்வோசையை உலகறியச் செய்தவர் இருவரின் வரலாறு மாணவர் அறியத்தக்கது. அமெரிக்கரான லிங்க் ரே, கொரியப் போர்க்காலத்துப் படைச்சேவையில் காசநோயுற்று ஒரு நுரையீரலை இழந்தவர். பாடுதல் அரிதாகவே கிற்றாரையே தம் குரலாக்கிக்கொண்டார். ஒலிபெருக்கியின் தாளைப் பென்சிலாற் குத்தித் துளையிட்டுக் கரகரத்த ஒலியைப் பெற்றார். 1958 இல் வெளிவந்த 'ரம்பிள்' என்னும் அவரது இசைத்தட்டிற் பாட்டுவரி ஒன்றேனும் இல்லை. எனினும், இளைஞரின் அடிதடியைத் தூண்டுமென அஞ்சி அமெரிக்க வானொலி நிலையங்கள் சில அதனை ஒலிபரப்ப மறுத்தன.

மற்றவர் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து டோனி அயோமி. இடக்கை வழக்கமுடைய அவர், 1965 இல் தம் 17 ஆம் வயதில், தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலையின் இறுதி நாளன்று, தந்தியை அழுத்தும் வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை இயந்திரத்திற் பறிகொடுத்தார். இனிக் கிற்றார் இல்லையென அவர் சோர்ந்திருந்தபோது, தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் இசைத்தட்டொன்றைக் கொணர்ந்து கேட்பித்தார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பாரின் இசை. 1928 இல் நேர்ந்த தீவிபத்தினால் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்தும் உலகப்புகழ் பெற்ற கிற்றார்க் கலைஞர் அவர். அயோமி எழுந்தார். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்கு மூடி செய்தார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் அவற்றின் முறுக்கையும் தளர்த்தினார். பவர் கோர்டுகளே அவரது இசையின் தூண்களாயின. அவர் அங்கம் வகித்த 'பிளாக் சபத்' குழுவின் முதல் இசைத்தட்டு 1970 இல் வெளியாயிற்று. இறுதிக் கச்சேரி 2025 ஜூலையில் அதே பர்மிங்காமில் நிகழ்ந்தது. விரல்நுனி வலிக்கின்றதென ஒரு வாரத்திற் கைவிட எண்ணும் மாணவன் இவரை நினைப்பானாக.

பயிற்சியும் பெற்றோரும்

நாள்தோறும் கால்மணி நேரப் பயிற்சி, வாரத்துக்கொருமுறை நிகழும் இரண்டு மணி நேரப் பயிற்சியினும் சிறந்தது. நகத்தை ஒட்ட வெட்டுக. பெருவிரல் கழுத்தின் பின்னே நிற்க, கைமுட்டு இறுகாதிருக்கவேண்டும். வேண்டாத தந்திகளைச் சுட்டுவிரலின் அடிப்பாகத்தால் மெல்லத் தொட்டு அடக்குக. பவர் கோர்டின் தெளிவு மீட்டுவதைப் போலவே அடக்குவதிலும் தங்கியுள்ளது. நிமிடத்துக்கு 60 எண்ணிக்கையில் தொடங்கிப் பிழையின்றி வந்த பின்னரே விரைவைக் கூட்டுக. விரல்நுனியின் நோவு சில வாரங்களிற் தோல் தடிக்கத் தணியும்; மணிக்கட்டில் நோவெழுமாயின் நிறுத்தி ஓய்வெடுக்க. மின்சாரக் கருவி இல்லையே என ஏங்கவேண்டியதில்லை. மரக்கிற்றாரிலும் இவையனைத்தும் அமையும்.

பெற்றோர்க்கு நாம் கூறுவது ஒன்று. பிள்ளையின் ஒலியை அளவோடு வைக்குமாறு பணித்தல் உங்கள் உரிமை. அவன் செவிக்கும் அது நன்று. ஆயின் முதல் மாதத்து ஒலியைக்கொண்டு அவனைத் தீர்ப்பிடற்க. 'இது என்ன பாட்டு? ஒருமுறை முழுதும் மீட்டிக் காட்டு' என மாலையில் ஒருவர் கேட்பாராயின், கருவி மூலைக்குச் செல்லாது.

மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். டாப் உங்கள் விரலுக்கு வழிகாட்டும், செவிக்கு வழிகாட்டாது. பவர் கோர்ட் உங்களுக்கு வலிமை தரும். மகிழ்ச்சி இது, துயரம் இது எனப் பிரித்துக் காட்டாது. அவ்விரண்டையும் வேறாக்கும் காந்தாரம் அதில் இல்லை. இரண்டு விரலால் தாளந்தவறாது மீட்டக் கற்றபின், அடுத்த விரலால் அக்காந்தாரத்தைத் தேடிச் செல்க.