கோ-டூ எங்கே போனது?

நிரலின் வரிகளைக் கணினி மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போகும். நடுவில் 'கோ-டூ 200' என்று வந்தால், 200 என்று எண்ணிட்ட வரிக்குத் தாவிவிடும். 1957-இல் வந்த ஃபோர்ட்ரானில் ஒரு நிபந்தனையைச் சோதிப்பதுகூட இப்படி வரி எண்ணுக்குத் தாவுவதாகத்தான் இருந்தது.

1968 மார்ச்சில், நெதர்லாந்துக்காரரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதை எதிர்த்து எழுதிய கடிதம் 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்' இதழில் வெளியானது. கோ-டூ கெடுதலானது என்று அறிவித்த தலைப்பு அவர் வைத்ததல்ல. ஆசிரியர் நிக்லவுஸ் விர்த் மாற்றியது. பின்னால் மூண்ட சண்டையில் பாதி அந்தத் தலைப்பால் வந்தது என்றே நினைக்கிறேன். கடிதத்துக்குள் இருந்த கேள்வி வேறு: ஓடும் நிரலைச் சட்டென்று நிறுத்தினால், அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சொல்ல முடியுமா? ஒரு சுழலுக்குள் நிற்கிறதென்றால், எந்த வரி, எத்தனையாவது சுற்று என்று தெரிந்தால் போதும். எங்கிருந்து வேண்டுமானாலும் தாவி வந்திருக்கலாம் என்றால் அப்படிச் சொல்ல வழியே இல்லை.

வரிசை, கிளை, சுழல் ஆகிய மூன்றை வைத்தே எந்த நிரலையும் எழுதிவிடலாம் என்று போம், யாகோபினி என்ற இருவர் 1966-லேயே நிறுவியிருந்தார்கள். எழுதலாம்தான், ஆனால் சும்மா அல்ல. பட்டியலில் ஒரு பெயரைத் தேடுகிறோம்; கிடைத்ததும் வெளியேற வேண்டும். தாவ அனுமதி இல்லையென்றால் 'கிடைத்துவிட்டதா' என்று தனியாக ஒரு மாறி வைத்து ஒவ்வொரு சுற்றிலும் அதைப் பார்க்க வேண்டும். 1974-இல் டொனால்ட் கனூத் இப்படிப்பட்ட இடங்களை எடுத்துக்காட்டி, சில தாவல்கள் நல்லவையே என்று வாதாடினார்.

மொழிகளை வடிவமைத்தவர்கள் டைக்ஸ்ட்ரா, கனூத் இருவர் பேச்சையும் கேட்டார்கள். பிரேக், கன்டினியூ, ரிட்டர்ன், எக்செப்ஷன் எல்லாமே தாவல்கள்தான். போய்ச்சேரும் இடத்துக்குத்தான் கட்டுப்பாடு. ஜாவாவில் கோ-டூ என்ற சொல்லை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், பயன்படுத்த முடியாது! சி மொழியில் அது இன்றும் உண்டு. லினக்ஸ் கெர்னலில், பாதி வழியில் பிழை வந்தால் அதுவரை பிடித்து வைத்த நினைவகத்தை விடுவிக்கும் பகுதிக்குப் போக அதைத்தான் எழுதுகிறார்கள்.

2014-இல் ஆப்பிளின் பாதுகாப்பு நிரலில் 'கோ-டூ ஃபெயில்' என்ற வரி தவறுதலாக இரண்டு முறை விழுந்திருந்தது. இரண்டாவது வரி நிபந்தனைக்கு வெளியே நின்றதால், கையொப்பச் சோதனை நடக்காமலேயே இணைப்புகள் ஏற்கப்பட்டன. பழி கோ-டூ மீது விழுந்தது. அங்கே ரிட்டர்ன் இருமுறை விழுந்திருந்தாலும் இதே கதிதான். இஃப் வரியை அடுத்து அடைப்புக்குறி போட்டிருந்தால் தப்பியிருக்கும்.