ஓதிய தண்ணீரோடு நின்றுவிடலாமா?

தாய்மாரே! கம்பஸிலிருந்து லீவுக்கு வந்த மகள் சாப்பிடாமல், உறங்காமல், "படிப்பு போதும் உம்மா" என்கிறாளா? கண்ணூறு என்று தண்ணீர் ஓதிக் கொடுக்கிறோம். ஓதுங்கள், துஆச் செய்யுங்கள், அத்தோடு நின்றுவிடாதீர்கள். வீட்டைப் பிரிந்த தனிமை, திடீரென ஆங்கிலத்தில் பாடங்கள், பகிடிவதை, எதுவோ அவளை வாட்டுகிறது. பகிடிவதை 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பல்கலைக்கழகத்தில் மாணவ ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களும் விரிவுரையாளர்கள்தானே என்று கூச்சப்பட்டால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

"வெளியே தெரிந்தால் கலியாணம் குழம்புமே" என்ற பயம் நம்முடையது, பிள்ளையுடையதல்ல. (காய்ச்சலுக்கு டொக்டரிடம் போனதை யாரிடம் மறைத்தோம்?) செத்துவிடலாம் போலிருக்கிறது என்று அவள் சொன்னால் ஏசாதீர்கள். தனியே விடாதீர்கள். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள்.