முட்டைப் பந்து செய்யும் அதிசயம் தெரியுமா?

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ரக்பியில் மோதும்போது எந்தக் கோப்பைக்காக ஆடுகின்றன, தெரியுமா? கல்கத்தா கோப்பை! அதுவும் நம் நாட்டு வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்தது! 1870-களில் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி கிளப் நடத்தினார்கள். ஆள் குறைந்துபோய் அதை மூடியபோது, கையிருப்பில் இருந்த 270 வெள்ளி ரூபாயை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடிக்கு மூன்று நல்லபாம்புகள், மூடிமேல் ஒரு யானை! அதற்கான முதல் ஆட்டம் 1879-ல் நடந்தது.

கோப்பை லண்டன் போய்விட்டது. ஆனால் அதே கல்கத்தாவில், இன்றைய கொல்கத்தாவில், ரக்பி ஆடுவது யார், தெரியுமா? நடைபாதையிலும் குடிசைகளிலும் வளர்ந்த பிள்ளைகள்! பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாகக் கொல்கத்தா வந்த பால் வால்ஷ், 2004-ல் 'ஜங்கிள் க்ரோஸ்' அணியைத் தொடங்கினார். பிறகு வந்ததுதான் சிறுவர்களுக்கான 'கேலோ ரக்பி'. அங்கே ஆடி வளர்ந்தவர்களே அடுத்த தலைமுறைக்குக் கோச் ஆகிறார்கள்!

ஏன் ரக்பி? முட்டை வடிவத்தில் ஒரே ஒரு பந்து போதும், தெருவே ஆடலாம். குண்டுப் பையனுக்கும் ஒல்லிப் பெண்ணுக்கும் அணியில் இடம் உண்டு. பந்தை முன்னால் எறியவே கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் எறிய வேண்டும். அதனால் பின்னால் ஓடிவரும் தோழியை நம்பாமல் ஓர் அடிகூட நகர முடியாது!

இனிதான் பெரிய ஆச்சரியம். வடவங்காளத்தில் காட்டையொட்டி, யானை நடமாடும் இடத்தில் இருக்கிறது சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கும் ஆதிவாசிக் குடும்பங்கள். படிப்பு பாதியில் நிற்கும், சின்ன வயதில் கல்யாணம் நடக்கும், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பெண்பிள்ளைகளைக் கடத்தும் கும்பல்களும் வரும். அந்த மண்ணுக்கும் ரக்பி போனது. ஒருவரல்ல, பல பெண்கள் இந்திய அணிக்கே ஆடிவிட்டார்கள்! விளையாட்டின் வழியாகக் கொல்கத்தாவில் கல்லூரிப் படிப்பும் கிடைத்தது. எனக்கு இந்திய ஜெர்சியைவிட இந்தக் கல்லூரிதான் பெரிய வெற்றி.

ஒடிசாவை விடலாமா? புவனேஸ்வரத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பும் சாப்பாடும் தரும் கிஸ் பள்ளியின் சிறுவர்கள், 2007-ல் லண்டன் போய் 14 வயதுக்குட்பட்டோர் சர்வதேசப் போட்டியில் சாம்பியன் ஆனார்கள். இறுதி ஆட்டத்தில் தோற்றது யார் தெரியுமா? தென்னாப்பிரிக்க அணி!

அதே பள்ளியில் படித்தவர்தான் சுமித்ரா நாயக். 2019-ல் மணிலாவில் சிங்கப்பூருடன் ஆட்டம். முடிய இன்னும் சில நிமிடங்களே. அவர் உதைத்த பெனால்டியில் இந்தியா 21-19 என்று வென்றது. அணிக்கு 15 பேர் ஆடும் ரக்பியில் இந்தியப் பெண்கள் பெற்ற முதல் சர்வதேச வெற்றி அது!

உங்கள் ஊர்ப் பள்ளியில் பி.டி. மாஸ்டர் ஒருநாள் அந்த முட்டைப் பந்தோடு வந்து நின்றால், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்காதீர்கள். ஆட விடுங்கள்!