பிழை எஞ்சினாலும் பிடி கொடாத கெர்னல்

இயங்குதளத்தின் மையமான கெர்னல், செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றை நேரடியாக ஆள்வதாலும், பிற நிரல்களுக்கு மறுக்கப்படும் உரிமைகள் யாவும் அதற்கு இருப்பதாலும், அதன் நினைவகத்தில் தாம் விரும்பியதை எழுத முடிந்தவர் கணினி முழுவதையுமே கைப்பற்றிவிடுகிறார். இரண்டு கோடி வரிகளுக்கும் மேல் நீளும் லினக்ஸ் கெர்னலில் பிழையே இராது என எவரும் உறுதி கூற இயலாது; ஆகவே, எஞ்சிய பிழை தாக்குதலாக உருவெடுக்காமல் தடுப்பதே நினைவக வலுவூட்டலின் நோக்கம்.

2016 ஜனவரியில் வெளிப்பட்ட ஒரு குறை இத்தேவையைத் தெளிவாக்கும். மறையாக்கச் சாவி போன்றவற்றைக் காக்கும் ‘கீரிங்’ என்னும் அமைப்பு எத்தனை இடங்களில் பயன்பாட்டில் உள்ளது என்பதைக் கெர்னல் ஒரு 32 பிட் எண்ணியில் குறித்துவைத்து, அது சுழியமானதும் அந்த நினைவக இடத்தை விடுவிக்கும். தன்னிடமுள்ள கீரிங்கையே ஒரு நிரல் மீண்டும் கேட்டபோது, எண்ணி ஒன்று கூடியதே தவிர, பின்னர் குறைக்கப்படவில்லை. இவ்வேண்டுகோளை ஏறத்தாழ 429 கோடி முறை விடுத்தால், எண்ணி நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பி, பயன்பாட்டில் இருக்கும்போதே அந்த இடம் விடுவிக்கப்பட, அங்கே தாக்குநர் தம் தரவை நிரப்ப வழி பிறந்தது.

அக்குறையைக் களைய ஓரிரு வரிகளே போதுமானவையாக இருந்தன. ஆயினும் அதே வகைப் பிழை வேறிடத்தில் மறைந்திருக்கலாம் என்பதால், பிழையின் வகையையே செயலிழக்கச் செய்வது அவசியமாயிற்று. ‘பாக்ஸ்’ என்னும் பாதுகாப்புத் தொகுப்பு முன்பே காட்டிய வழியில், 2017-இல் வெளியான 4.11 பதிப்பில் புதிய எண்ணி வகை ஒன்று சேர்க்கப்பட்டது. உச்சத்தை எட்டியதும் அது அங்கேயே நின்றுவிடுவதால், சிறிதளவு நினைவகம் வீணாகுமேயன்றி, பயன்பாட்டிலுள்ள இடம் விடுவிக்கப்படுவதில்லை.

இத்தகைய அரண்கள் அடுக்கடுக்காக அமைகின்றன. நினைவகத்தின் ஒவ்வொரு பக்கமும் எழுதத்தக்கதாகவோ இயக்கத்தக்கதாகவோ மட்டுமே இருக்கவேண்டும், இரண்டுமாக இருக்கலாகாது என்னும் விதி, தாக்குநர் புகுத்திய தரவு கட்டளையாக இயங்குவதைத் தடுக்கிறது. 2014-இல் 3.14 பதிப்பில் வந்த முகவரிக் கலைப்பு, கணினி தொடங்கும்போதெல்லாம் கெர்னலின் இருப்பிடத்தை மாற்றுகிறது. எனினும் ஒரேயொரு முகவரி கசிந்தாலும் அந்த மறைவு குலைந்துவிடும் என்பதால், எந்த அரணும் தனித்து நின்று காப்பதில்லை.

பயனர் நிரல்கள் கெர்னலின் நினைவகத்தைப் படிக்க வழிவிட்ட, 2018-இல் வெளியான ‘மெல்ட்டவுன்’ என்னும் செயலிக் குறைபாட்டை எதிர்கொள்ள, நினைவகப் பக்கங்களின் இருப்பிடத்தைக் குறிக்கும் கெர்னலின் பக்க அட்டவணையைப் பயனர் நிரல்களிடமிருந்து பிரித்தபோது, சில பணிகளின் வேகம் குறையவே செய்தது. அந்த இழப்பு அளவிடத்தக்கது, வன்பொருள் மேம்பட மேம்படக் குறையக்கூடியது. களவுபோன சாவிகளோ மீட்க முடியாதவை. எனவே, இவ்வரண்கள் வல்லுநர் மட்டும் தேடி இயக்கும் விருப்பத் தெரிவுகளாக அல்லாமல், எல்லாக் கணினிகளிலும் இயல்பாகவே செயல்படும் நிலையில் வழங்கப்படவேண்டும்.